எங்கள் வீட்டுப் பெரிய வண்டி

வண்டி வந்த அன்று எங்கள் வீட்டு கேட்டின் ஒரு தூணை இடித்தோம். ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த டிரைவர் முன்னும் பின்னுமாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, "உள்ள போகாதுண்ணே. சைடு கண்ணாடியை மடக்கினாலும் உரசும்" என்றார். என் கணவர் யோசிக்கவே இல்லை. "தூணுதானே, திரும்பக் கட்டிக்கலாம்" என்று சொல்லி, பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூட்டிவந்தார். மத்தியானத்துக்குள் தூண் செங்கல்லாகக் கிடந்தது. அதன் மேல் சம்மட்டி விழும் ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தார்கள். நான் பூஜைத் தட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் ஏன் அந்த வண்டியை வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மழையை நம்பி விதைக்கிற பூமி. அங்கிருந்து கிளம்பி ஆழ்துளைக் கிணற்றுக்கு போர் போடும் லாரி ஓட்டப் போய், பிறகு சொந்தமாக ரிக் வண்டி வாங்கி, வயதின் நல்ல பாதியைக் காட்டிலும் கரட்டிலும் கழித்தவர். கரிசலில் லாரி இறங்கிவிட்டால் டிராக்டர் வரும்வரை அதன் அடியிலேயே படுத்துக் கிடப்பார். வீட்டுக்கு வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். தொழிலைத் தன் பங்காளி மகனிடம் கொடுத்துவிட்டு மதுரை அவனியாபுரத்துக்குத் தெற்கே புதிதாகப் போட்ட பிளாட்டில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, அவர் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அந்த வண்டி. "எந்தக் காட்டுலயும் சிக்கக் கூடாது. ஆக்சிலேட்டர்ல கால வச்சா பறக்கணும். உள்ள உக்காந்தா குலுங்கவே கூடாது" என்றார். விலையை எழுத எனக்குக் கூசுகிறது. அவர் உழைத்த காசு என்பதால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கும் அந்த வண்டி பிடித்திருந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த காலம் முழுக்க டவுன்பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவள் நான். இந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தால் காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேலாக எல்லாம் தெரியும். யார் வீட்டில் என்ன துணி காய்கிறது, யார் வாசலில் என்ன கோலம், எல்லாவற்றையும் குனிந்து பார்க்கலாம். கடைக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கண்ணாடி ஏறியிருக்கும்போது வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. அந்த அமைதியில் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஓட்டுவதற்கு இடம் வேண்டுமே. அவனியாபுரம் கடைவீதியில் அந்த வண்டியும் ஷேர் ஆட்டோவும் ஒரே வேகத்தில்தான் போகும். ஷேர் ஆட்டோவாவது சந்து கிடைத்தால் நுழைந்துவிடும். நாங்கள் மாட்டுக்குப் பின்னால், தண்ணீர் லாரிக்குப் பின்னால், பள்ளிக்கூட வேனுக்குப் பின்னால் நிற்போம். அம்மன் சன்னதிப் பக்கம் போவதென்றால் எங்கோ தூரத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போக வேண்டும். ஒருமுறை மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் நுழைந்துவிட, எதிரே ஜவுளி மூட்டை ஏற்றிவந்த தள்ளுவண்டிக்காரர் தன் வண்டியைத் தெரு முனை வரை பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குக் கை காட்டி வழி விட்டார். என் கணவர் ஹாரன் அடித்து நன்றி சொன்னார். அது அவருக்கு நன்றியாகக் கேட்டிருக்காது.

வண்டியின் முழு வேகத்தை அவர் பார்த்தது திருமங்கலம் தாண்டிய நாலுவழிச் சாலையில்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். டோல்கேட் தாண்டியதும் மிதிப்பார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ஒரு கடையில் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். அவ்வளவுதான் அந்த எஞ்சினுக்கு வாரத்தில் வேலை.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தீபாவளிக்கு வந்தபோது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, இத எங்க ஓட்டுவீங்க?"

"ரோட்லதான்."

"இம்புட்டுப் பெரிய வண்டி ரெண்டு பேருக்கு எதுக்குப்பா? காய் வாங்கப் போறதுக்கு எம்புட்டு டீசல் எரிக்குது. இந்தக் காலத்துல இது தேவைதானா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நான் லாரியில குலுங்குனப்ப இது தேவையான்னு யாரும் கேக்கலம்மா."

எனக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. அவருடைய இடுப்புவலி குறைந்திருந்தது உண்மை. விளக்கில்லாத டிராக்டர் ஒன்று சாலையில் குறுக்கே திரும்பியபோது வண்டி தானாகவே பிரேக் பிடித்து எங்களைக் காப்பாற்றியதும் உண்மை. ஆகவே அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் மகள் கேட்ட கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு வண்டியில் ஏறும்போதெல்லாம், யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே ஏறினேன்.

அந்தக் காரணம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்தது என் கணவரின் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் என்று முடிவானபோது. அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். மாடும் கொஞ்சம் நிலமும் உண்டு. மாடு முட்டியதில் காலில் பிளேட் வைத்தவர். "அண்ணன இந்த வண்டியில ராஜா மாதிரி கூட்டிட்டு வரணும்" என்று என் கணவர் முதல் நாளே வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டார்.

நாங்கள் போய் இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. அண்ணன் வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்த மஞ்சள் பை என்று தயாராக இருந்தார். கதவைத் திறந்ததும் அடியிலிருந்து கால் வைக்கும் பலகை தானாக வெளியே வந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் அந்தப் பலகையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிளேட் வைத்த காலைத் தூக்கினார். அது முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை.

"இருண்ணே" என்று என் கணவர் உள்ளே ஏறி ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி மெதுவாகக் கொஞ்சம் இறங்கியது. அப்போதும் எட்டவில்லை. யாரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார்கள். அண்ணன் அதில் ஏறியபோது ஸ்டூலின் கால் மண்ணில் புதைந்து சாய்ந்தது. அவர் கதவைப் பிடித்துத் தொங்கினார். என் கணவர் பதறிப்போய்ப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவரைத் தூக்கி உள்ளே தள்ளினார். மூட்டை ஏற்றுவது போலத்தான் இருந்தது. அந்தத் தள்ளலில் வேட்டி அவிழ்ந்துவிட்டது.

தெருவில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். அவருடைய மனைவியும் மருமகள்களும் நின்றிருந்தார்கள். நான் என் முந்தானையை விரித்துப் பிடித்துக் கதவை மறைத்தேன். அண்ணன் குனிந்து வேட்டியைச் சுற்றிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். மதுரை வரும்வரை அவர் வேட்டி முடிச்சை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தார். "ஏசி அதிகமா இருக்காண்ணே?" என்று என் கணவர் கேட்டதற்கு, "இல்லப்பா, நல்லாருக்கு" என்றார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஊருக்குக் கொண்டுபோய் விடும்போது ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி தள்ளும் ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். ஊரில் அவருடைய மகன்கள் தெரு ஆரம்பத்திலேயே, ஆள் இல்லாத இடத்தில் இறக்கிக்கொண்டார்கள். அப்படிச் செய்யச் சொன்னது அவர்தான்.

மறுபரிசோதனைக்கு எப்போது என்று என் கணவர் போனில் கேட்டார். "சொல்றேம்ப்பா" என்றார் அண்ணன். ஆனால் சொல்லவில்லை. சில நாள் கழித்து நாங்கள் ஒரு காதுகுத்துக்காக உசிலம்பட்டி சாலையில் போய்க்கொண்டிருந்தோம். செக்கானூரணி பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மஞ்சள் பையோடு அண்ணன் நின்றிருந்தார். பஸ் மாறுவதற்காக இறங்கியிருக்க வேண்டும். எங்களை அவரும் பார்த்தார். அந்த வண்டியை அடையாளம் தெரியாமல் போக முடியாது. பார்த்ததும் அவர் திரும்பி, பக்கத்தில் இருந்த இளநீர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தக் காலோடு அவர் அவ்வளவு வேகமாக நடந்ததை நான் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்க அண்ணன் மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"ம்."

வண்டி நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. நிறுத்தினால் அவர் மறுபடியும் அந்தக் கதவின் முன்னால் நிற்க வேண்டும். காதுகுத்து வீட்டில் என் கணவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நாங்கள் திருந்திவிடவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மத்தியானம் திரும்பும்போது எதிரே எதுவும் தெரியாத அளவுக்கு ஊற்றியது. விமான நிலையச் சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று சுற்று. இன்னொன்று ஒரு பள்ளமான தெரு வழியாகப் போவது. அந்தத் தெருவில் சின்னச் சின்ன ஓட்டு வீடுகளும் ஒர்க் ஷாப்புகளும் நெருக்கமாக இருக்கும். தெரு முனையிலேயே தண்ணீர் நின்றது. இரண்டு ஆட்டோக்கள் அணைந்துபோய் ஓரமாகக் கிடந்தன. ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்.

என் கணவர் வண்டியை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பல மாதங்களாக நான் பார்க்காத சிரிப்பு.

"இந்த வண்டி எதுக்குன்னு உம்மக கேட்டாள்ல. இப்பப் பாரு" என்றார்.

ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி உயர்ந்தது. உள்ளே இறங்கினோம். தண்ணீர் பம்பரைத் தொட்டு, விளக்கைத் தொட்டு ஏறியது. எஞ்சின் கொஞ்சமும் திணறவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மகளுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்து, பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

அதனால் முதலில் பார்த்தது நான்தான். வண்டியின் மூக்கிலிருந்து ஒரு அலை கிளம்பி இரண்டு பக்கமும் விரிந்து போனது. நான் உட்கார்ந்திருந்த பக்கத்து வீடுகளின் வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அலை அந்த மூட்டைகளின் மேல் ஏறி உள்ளே விழுந்தது. அடுத்த வீட்டிலும் விழுந்தது. அதற்கடுத்த வீட்டில் மூட்டை ஒன்று சரிந்தது. அந்த வாசலில் ஒரு பெண் நைட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தாள். அலை அவள் வயிற்றில் அடித்தது. அவள் வாளியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். மேலே, பட்டுச்சேலையில், போனை நீட்டிக்கொண்டு நான் இருந்தேன்.

"என்னக்கா, படம் புடிக்கிறீங்களா?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். நான் போனை மடியில் கவிழ்த்தேன். "ஏங்க, நிப்பாட்டுங்க" என்றேன். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க."

அவர் நிறுத்தினார். நின்ற பிறகும் அலை போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் தண்ணீரில் நடந்து வண்டிக்கு முன்னால் வந்து கையை உயர்த்தினார்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. பின்னாடியும் எடுக்காதீங்க. எடுத்தா திரும்பவும் உள்ளதான் வரும்."

"சரிப்பா" என்றார் என் கணவர்.

வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும். அதைச் செய்ய என் கை போகவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் யாரோ, "அரிசி வாளி போச்சுடி" என்று சொல்வது கேட்டது. நான் கதவைத் திறந்தேன். பலகை தண்ணீருக்கு அடியில் இருந்தது. எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் குதித்தேன். சேலை அப்படியே மிதந்தது.

அது மாவு அரைத்து விற்கும் வீடு. முன்னறையில் பெரிய கிரைண்டர் ஒன்றைச் செங்கல் அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து இறைத்து இறைத்துத் தண்ணீரை அந்தச் செங்கலுக்குக் கீழேயே வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது கிரைண்டரின் அடிப்பாகம் வரை தண்ணீர் இருந்தது. ஊறவைத்த அரிசி தரையெங்கும் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. உளுந்து வாளி ஒன்று சாய்ந்து மிதந்தது. கட்டிலில் துணியும் பள்ளிக்கூடப் பைகளும் டிவியும் ஏறியிருந்தன.

"ஒரு வாளி குடும்மா" என்றேன்.

"வேணாங்கக்கா, பட்டு."

"குடும்மா."

கொடுத்தாள். இறைத்தேன். என் கணவரும் இறங்கி வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரரோடு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தார். நனைந்த மூட்டை கனமாக இருந்தது. அவர் இடுப்பைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாங்களும் ஏதாவது சொல்லியிருப்போம், மழைக்கு நாங்க என்ன பண்றது என்றாவது. அதற்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

எதிர்வீட்டுப் படியில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் இந்தத் தெருவுல இம்புட்டுத் தண்ணி நிக்காது. கண்மாய்க்கு ஓடிரும். மேக்க பிளாட்டு போட்டு மண்ணடிச்சு ஒசத்துனாங்கள்ல, அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து." பிறகு என் கணவரைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார்.

"மேக்கதான்" என்றார் என் கணவர்.

"ஓ" என்றார் பெரியவர்.

நாங்கள் வீடு கட்டும்போது பிளாட்டை உயர்த்த எத்தனையோ லோடு கிராவல் மண் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. நல்ல மேடான இடம், மழைக்குப் பயமில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு தடவையாவது யோசித்திருந்தால் இப்போது இப்படி எழுத வேண்டியிருக்காது.

மழை விட்டு, தண்ணீர் வடிந்து, அந்த வீட்டுக்காரர் "இனி எடுக்கலாம்ணே" என்று சொல்லும்வரை வண்டி தெரு நடுவில் நின்றது. கிளம்பும்போது அந்தப் பெண் எனக்கு ஒரு துண்டு கொடுத்தாள். அவள் வீட்டில் நனையாமல் இருந்த சில துணிகளில் அது ஒன்று. வேண்டாம் என்று சொன்னேன். "தலைய மட்டும் தொவட்டுங்க, சளி புடிச்சுக்கிரும்" என்றாள். துவட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வண்டியில் ஏறினோம். அவர் நடந்துபோகும் வேகத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் சொன்னேன். வீடியோவை அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அவள் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்தக்கா கிரைண்டர் ஓடுதாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் கேட்கவே இல்லை. தண்ணீரை இறைத்துக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வந்துவிட்டோம்.

மறுநாள் காலை நடந்தே போனேன். வாசலில் சாக்பீஸில் 'மாவு இல்லை' என்று எழுதியிருந்தது. பாத்திரத்தோடு வந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பினார்கள். மோட்டார் எரிந்திருந்தது. நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் சட்டையை மாட்டினார். எரிந்த மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றும் கடை எது நல்லது என்று அவருக்குத் தெரியும். தொழிலில் இருந்தபோது எத்தனையோ மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியவர். வண்டியை அந்தத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திப் பின்கதவைத் திறந்தார்.

அந்தப் பெண் உள்ளே விரித்திருந்த பழுப்பு நிற விரிப்பைப் பார்த்தாள். "ஆட்டோவுல போட்டுக்கிறோம்ணே. உங்க வண்டி அழுக்காயிரும்" என்றாள்.

"அழுக்கானா ஆகட்டும்மா" என்றார் அவர்.

மோட்டார் சேறோடு ஏறியது. ஓடவும் செய்தது, இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாளும் அவர்களுக்கு வியாபாரம் இல்லை. அதற்கு என் கணவர் ஏதோ கொடுக்கப் போனபோது அந்த வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மோட்டார் சரி பண்ணிக் குடுத்தீங்கள்ல, அது போதும்ணே. மழைன்னா இந்தப் பக்கம் மட்டும் வண்டிய எடுக்காதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் கணவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பெரிய வண்டி இந்தக் காலத்துக்குத் தேவையா என்று இப்போதும் சொந்தத்தில் யாராவது பேச்சை எடுப்பார்கள். டீசல், கரண்டு வண்டி, மைலேஜ், அந்தஸ்து என்று பேச்சு போகும். நான் வாயைத் திறப்பதில்லை. பாலைவனத்தில் போகிறவனுக்கும் பனிமலையில் போகிறவனுக்கும் தேவையாக இருக்கலாம். எங்களுக்கு உள்ளே எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. குலுங்கவில்லை, நனையவில்லை, அடிபடவில்லை. குலுக்கலும் நனைதலும் வெளியே யார் மேலோ விழுந்தன. தள்ளுவண்டிக்காரர் பின்னால் போனார், அண்ணன் இளநீர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்தார், அந்தப் பெண் வாளியோடு நின்றாள். இதைச் சொந்தக்காரர்கள் மத்தியில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தை பிறந்ததும் என் கணவர் வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் திருமங்கலத்தில் புதிதாக மண்டபம் கட்டியிருக்கும் ஒரு தம்பி. மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பட்டு உடுத்தி, வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், கதவுகளைத் திறந்து மூடினார், எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தார். கண்கள் பளபளத்தன. என் கணவரிடம் கேட்டார்.

"அண்ணே, மழைத்தண்ணியில போகுமா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"போகும்ப்பா. நல்லாப் போகும்" என்றார்.

"அது போதும்ணே" என்று அந்தத் தம்பி சிரித்தார்.

நானாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தம்பியின் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவள் காப்பி குடித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். ஆறு என்றாள். அதோடு விட்டுவிட்டேன். விலை படிந்திருந்தது. வாங்க வந்தவர்கள் முகம் சுண்டிவிடக் கூடாது என்று இருந்தது.

சாவியைக் கொடுத்தோம். தன் கணவரின் கையைப் பிடித்து அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கி, "வாரேங்கக்கா" என்று மேலிருந்து எனக்குக் கை காட்டினாள். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. நான் தெரு முனை மேட்டுக்கு வந்து நின்று பார்த்தேன். யாரும் வழி சொல்லாமலே அவர்கள் குறுக்கு வழியைப் பிடித்து, அந்தப் பள்ளத் தெருவுக்குள் இறங்கினார்கள். அன்றைக்குத் தெரு காய்ந்துதான் கிடந்தது.